தொடலாமா, துரை?

கொடியில் துணி காயப்போடக்கூட அனுமதி கேட்கிற பழக்கத்தை நான் பின் போர்ஷன் டீச்சரிடம்தான் பார்த்தேன். இத்தனைக்கும் அந்தக் கொடி அவர் காசு போட்டு வாங்கிக் கட்டியது. ஒரு முனை எங்கள் ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

"இந்தப் பக்கம் ரெண்டு துணி போடலாமா சார்?"

"உங்க கொடி டீச்சர் அது."

"இருந்தாலும் ஜன்னல் உங்களுதாச்சே."

கேட்டுவிட்டு ஈரத் துணியோடு நிற்பார். அதுதான் விசேஷம். நாமெல்லாம் கேட்கிறபோதே கையை நீட்டிவிடுவோம். கேள்வி ஒரு மரியாதைக்கு. அவர் அப்படியில்லை. பதில் வரும்வரை நிற்பார், பதில் 'வேண்டாம்' என்று வந்தால் முகம் சுளிக்காமல் திரும்பிப் போவார். காம்பவுண்டில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. "ஒரு பூ எடுத்துக்கட்டுமா?" என்று அதனிடமும் கேட்பார். செடி என்ன சொல்லும்? ஏரிப் பக்கமிருந்து காற்று வரும், கிளை ஆடும். அதிலிருந்து அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சில நாள் பறிப்பார், சில நாள் வெறுங்கையோடு போவார். காலையில் பல் விளக்கிக்கொண்டே இதைப் பார்க்கிற எனக்கு, இன்னும் தூக்கம் கலையவில்லையோ என்று தோன்றும்.

திருநின்றவூரில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு போர்ஷன். முன்னால் நானும் என் மனைவி செல்வியும். பின்னால் அவர், தனியாக. நடுவில் ஒரு தகர ஷெட். வீட்டுக்காரர் கார் வாங்கப்போகிறேன் என்று போட்டது. கார் வரவே இல்லை. வார நாட்களில் டீச்சர் அம்பத்தூரில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற வேலைக்குப் போய்வந்தார். 'டீச்சர்' என்று பெயர் வந்தது அதனால் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவரிடம் நாம் திருப்பிக் கேட்க வாய் வராது.

சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். முன்பற்கள் இரண்டும் தூக்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு ஒன்றும் விகாரமாக இருக்காது. ஆனாலும் அந்த வாயை முழுசாக நான் பார்க்க ரொம்ப நாள் ஆயிற்று.

துரையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. துரை செல்வியின் நாய். வெள்ளை பாமரேனியன். நிறத்துக்காக வைத்த பெயர் குணத்துக்கும் பொருந்திவிட்டது. பால் சூடாக இருந்தால் முகத்தைத் திருப்பும், ஆறியிருந்தாலும் திருப்பும். இட்லியை உதிர்த்துத்தான் போட வேண்டும். எவர்சில்வர் தட்டு ஆகாது, பீங்கான்தான். மின்விசிறிக்கு நேர்கீழே படுக்கும், நான் தள்ளிப் படுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. செல்வி அதைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தாள். குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனபோது விமான நிலையத்தில் எனக்காக அழுதாளா துரைக்காக அழுதாளா என்பது இன்றுவரை தீராத வழக்கு. "உன்னிய நீ பாத்துக்குவ. அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன இரண்டாவது வருஷம், வெயில் ஆரம்பிக்கிற சமயம், துரை சாப்பிடுவதை நிறுத்தியது. வழக்கமான பிகு என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தால் வாயிலிருந்து ஒரு நாற்றம். ஆவடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கால்நடை டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்த இரண்டு நொடியில் துரை அவர் கையுறையைக் கிழித்துவிட்டது.

"பின்னாடி பல்லு பூரா காரை ஏறியிருக்கு சார். ஈறு புண்ணாகி சீழ் வச்சிருக்கு. மயக்க மருந்து குடுத்துத்தான் சுத்தம் பண்ணணும், கெட்ட பல்லை எடுக்கணும்" என்றார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "ஹார்ட் சரியில்ல. மயக்கம் குடுத்தா எழுந்துக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

மாத்திரை கொடுத்தார். கூடவே நாய்களுக்கான பற்பசை ஒன்று, விரலில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பிரஷ் ஒன்று. தினமும் பல் தேய்த்துவிட வேண்டும். மே மாதம் திரும்பப் பார்க்கலாம். ஈறு ஆறியிருந்தால் தப்பித்தோம். ஆறாமல் சீழ் வேருக்கு இறங்கியிருந்தால் வேறு வழியில்லை, மயக்க மருந்துதான். "மனுஷங்க பேஸ்ட் மட்டும் போட்டுடாதீங்க. அதுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கிடும். விஷம்" என்றார். செல்விக்கு லீவு மே மாதத்தில்தான்.

நான் என்ன செய்வேன்? துண்டைப் போட்டு அமுக்கினேன். துரை என் கட்டைவிரலைக் கடித்தது. மறுநாள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது, துடைப்பத்தைக் காட்டினேன். துடைப்பத்தையும் கடித்தது. பிரஷ்ஷைப் பார்த்தாலே உறுமல். பிறகு என்னைப் பார்த்தாலே உறுமல். வீடியோவில் செல்வி கூப்பிட்டு, "இன்னாப்பா, பல்லைக் காட்டு பாக்கலாம்" என்பாள். நான் என் பல்லைக் காட்டுவேன். "உன்னுது எதுக்கு? தொரையுத காட்டு" என்பாள். நான் வாலைக் காட்டி, தூங்குகிறது என்பேன்.

அந்தக் கூச்சலெல்லாம் பின் போர்ஷனுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் வாசற்படிக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"சார், துரைகிட்ட நான் ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமா?"

"இன்னா கேப்பீங்க டீச்சர்?"

"வாயைத் தொடலாமான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் பெரிய வேடிக்கை, அவருக்கு நாய் என்றாலே நடுக்கம். தெருநாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாக ஸ்டேஷனுக்குப் போகிறவர். துரையைத் தாண்டி வரும்போதுகூட, "போய்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அது கண்ணை மூடிய பிறகுதான் நகர்வார்.

முதல் சில நாட்கள் அவர் ஒன்றுமே செய்யவில்லை. வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, தகர ஷெட்டில் சிமெண்டுத் தரையில் உட்காருவார். விரல்நுனியில் பற்பசையைத் துளி தடவிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "தொடலாமா துரை?" என்பார். அது எங்கோ பார்க்கும். அவரும் எங்கோ பார்ப்பார். தகரத்தில் ஆணி ஓட்டைகள் இருந்தன. அதன் வழியாக விழுகிற வெயில் தரையில் மெதுவாக நகர்ந்து அவர் புடவைமேல் ஏறும், பிறகு நாயின்மேல் ஏறும். தண்டவாளத்தில் ஆவடிப் பக்கம் ரயில் போகும். ஏரிக்குக் கொக்குகள் திரும்பும். அவர்கள் இரண்டு பேரும் எதற்கும் அவசரமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் டீ டம்ளரோடு நிலைப்படியில் நின்று, இந்த ஜென்மத்தில் இது நடக்காது என்று நினைப்பேன். ஆனாலும் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனசு வராது. அந்த அரைமணி நேரம் யாரோ என் தலையைத் தடவிக்கொடுப்பதுபோல இருக்கும்.

ஒரு நாள் துரை எழுந்துபோய் அந்த விரலை நக்கியது. அவர் உடம்பு மொத்தமும் நடுங்கியது, விரல் மட்டும் அசையவில்லை.

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முன் அவர்கள் கறி மீன் தொடாமல் இருக்கிற நாட்கள். சுத்தபோசனம் என்பார்கள். பற்பசையோ கோழிக்கறி வாசனையில் செய்தது. நாய்களுக்கு அதுதான் பிடிக்குமாம். இவர் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம், "விரல்ல கோழி வாசனை ஒட்டினா சுத்தபோசனம் முறிஞ்சிருமா ஃபாதர்?" என்று கேட்டிருக்கிறார். "நீ நக்காத வரைக்கும் முறியாதும்மா" என்றாராம் அவர். இதை என்னிடம் சொல்லும்போது முந்தானையை மறந்து சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தப் பற்களைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"சின்ன வயசுல ஸ்கூல்ல பிடிச்சு வச்சுத் தொறப்பாங்க சார்" என்றார். "எத்துப்பல்லு எத்தனைன்னு எண்ணிப் பாக்கறதுக்கு. ரெண்டு பேரு கையைப் பிடிச்சுக்குவாங்க, ஒருத்தி தாடையைப் பிடிப்பா. விளையாட்டுக்குத்தான். வாய் நம்மளோடது சார். உள்ள என்ன இருந்தாலும் நம்மளோடது."

துண்டைப் போட்டு துரையின் தாடையை நான் பிடித்தபோது எழுந்த கூச்சலை அவர் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்.

ஈஸ்டர் முடிந்ததும் மே மாதத்தில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. அவர்கள் குழந்தைகள் முதல்முறையாகப் பூசையில் அப்பம் வாங்குகிற நாள் அது. வெள்ளை உடுப்பு, தலையில் கிரீடம், விருந்து எல்லாம் உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது வருஷாவருஷம் டீச்சரின் பொறுப்பு. கோயில் ஹாலில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால் அந்த வருஷம் வகுப்பு எங்கள் தகர ஷெட்டுக்கு வந்தது. அதற்கும் என்னிடம் அனுமதி கேட்டார், வீட்டுக்காரரிடம் கேட்டார், துரையிடமும் கேட்டார்.

தினமும் சாயங்காலம் பாடம் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு ஒத்திகை நடக்கும். சிஸ்டர்கள் மடத்தில் அப்பத்தை வட்டமாக வெட்டிய பிறகு மிஞ்சுகிற ஓரத்துண்டுகளை ஒரு டப்பாவில் வாங்கிவருவார். பூசையில் சாமியார் மந்திரித்தால்தான் அது நன்மை. அதுவரை வெறும் மாவும் தண்ணீரும்தான். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். "கண்ணை மூடு. வாயைத் தொற. நாக்கை நீட்டு. கடிக்கக் கூடாது, பல்லு படக் கூடாது, தானா கரையணும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நாக்கிலும் ஒரு துண்டு வைப்பார். பிள்ளை 'ஆமென்' சொல்லும்.

துரை இதை நாலைந்து நாள் படுத்தபடி பார்த்தது. பிறகு ஒரு நாள் எழுந்துவந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பிகுவும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி நிற்கிறார்கள். தகர ஓட்டை வெயில் நெற்றி நெற்றியாகத் தொட்டுக்கொண்டு போகிறது. கடைசியில் வெள்ளையாக, மேலே பார்த்து, துரையும் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கனவு காண்கிறேனோ என்று கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

டீச்சர் அதன் முன் மண்டியிட்டார். "தொடலாமா துரை?" என்றார். வாய் திறந்தே இருந்தது. உதட்டை மெல்லத் தூக்கி, விரல் பிரஷ்ஷால் பின்பல்லின் வெளிப்பக்கம், ஈறு ஓரமாகச் சின்னச் சின்ன வட்டம் போட்டுத் தேய்த்தார். முதல் நாள் ஒரு பல். அடுத்த நாள் இரண்டு. வலிக்கிறது என்று தலையை இழுத்தால் உடனே கையை எடுத்துவிடுவார், அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்ததும் நாக்கில் ஓர் ஓரத்துண்டு. துரைக்கு ஆமென் சொல்லத் தெரியாதே என்று பிள்ளைகள் அத்தனையும் சேர்ந்து அதற்காக ஒரு பெரிய ஆமென் போட்டன.

அந்த ஆமெனில்தான் வினை வந்தது. ஒரு பையனை அழைத்துப்போக அவன் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தது சரியாக அந்த நிமிஷம். டீச்சர் மண்டியிட்டபடி நாயின் நாக்கில் அப்பம் வைக்கிறார், பிள்ளைகள் கைகூப்பி ஆமென் சொல்கின்றன.

"சேசுவே! இன்னா டீச்சர் இது? நாய்க்கு நன்ம குடுத்துகினு கீற!"

"இல்லங்க, இது ஓரத்துண்டு... மந்திரிக்காதது..."

"மந்திரிச்சதோ மந்திரிக்காததோ! எம்புள்ள நிக்கிற வரிசையில நாயா? வாடா ஊட்டுக்கு!"

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டனுப்பினார். டீச்சர் போய்வந்து தகர ஷெட்டில் உட்கார்ந்தார். அவர் கேட்டதையும் கிடைத்த பதிலையும் அப்படியே சொன்னார்.

"பாவமில்லைன்னுட்டாரு. ஆனா பெத்தவங்க மனசு நொந்திருக்கு, புதுநன்மை முடியற வரைக்கும் நாயை விட்டுரும்மான்னாரு. அப்புறமா தேய்ச்சுக்கட்டுமான்னு கேட்டேன். தேய்ச்சுக்கன்னாரு. அதுவரைக்கும் விட்டுட்டா, டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ஈறு ஆறாதே சார். ரெண்டையும் செய்யட்டுமான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

'வேண்டாம்' என்ற பதிலுக்கு அவர் எப்போதும் திரும்பிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த வகுப்பு இல்லாவிட்டால் அவருக்கு அம்பத்தூர் கம்பெனியும் பின் போர்ஷனும்தான் மிச்சம் என்பதும் தெரியும். வருஷா வருஷம் அந்த மே மாதத்தை வைத்துத்தான் அவர் மற்ற மாதங்களைத் தள்ளினார்.

"நாயை வுடுங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்" என்றேன். கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருந்தது.

அவர் என் விரலைப் பார்த்தார். எழுந்து தன் போர்ஷனுக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் முகம்கூடக் கழுவாமல், யாரையும் எதையும் கேட்காமல், நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து பற்பசையை எடுத்தார். நிலைப்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"வகுப்பு?" என்றேன்.

"வேற ஒருத்தங்க எடுக்கறாங்க." பற்பசையைத் திறந்து விரலில் துளி தடவினார். "பிள்ளைங்க யாருகிட்ட வேணாலும் வாயைத் தொறக்கும் சார். இது தொறக்காது."

புதுநன்மை நாளன்று அவர் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். மத்தியானம் தலையில் காகிதப்பூக் கிரீடத்தோடு ஒரு சிறுமி, அம்மா கையை உதறிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு ஓடிவந்தாள். "டீச்சர், நான் கடிக்கவே இல்ல! தானா கரைஞ்சிடுச்சு!" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். டீச்சர் முந்தானையை எடுக்கவில்லை. பற்கள் தெரிய அழுதார்.

அடுத்த வாரம் செல்வி வந்து இறங்கினாள். மறுநாளே மூன்று பேரும் துரையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆவடி போனோம். டீச்சர் உள்ளே வரவில்லை. பயமாக இருக்கிறது என்று வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். உள்ளே செல்வி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ரப்பர் உறையை இரண்டாக மாட்டிக்கொண்டு முன்ஜாக்கிரதையாகத்தான் வந்தார். துரை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல் தானாகவே விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சீழ் வற்றி ஈறு சிவப்பு குறைந்திருந்தது.

"மயக்க மருந்து இப்போ தேவையில்ல" என்றார்.

செல்வி நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் போனேன். சேதியைச் சொன்னதும் டீச்சர் கைகூப்பிக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு முந்தானையை வாயருகே கொண்டுபோனார். சிரிக்கத்தான் என்று நினைத்தேன்.

"பல்லு சரியாயிருச்சு" என்றார். "நீங்களும் வந்துட்டீங்க. அப்ப... நாளையிலேர்ந்து நான் வர வேணாமில்ல?"

அந்த வகுப்பு போயிற்று. இந்த அரைமணி நேரமும் போகிறது. எல்லோரையும் கேட்டுக் கேட்டு நடக்கிற மனுஷிக்கு 'எனக்கு வேண்டும்' என்று சொல்ல மட்டும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வேப்பம்பூ அவர் தலையில் உதிர்ந்துகிடந்தது. நான் செல்வியைப் பார்த்தேன்.

"இன்னா டீச்சர் பேசற நீ?" என்றாள் செல்வி. துரையை அப்படியே அவர் கையில் திணித்தாள். "பல்லுன்னா ஒரு நாள் வெளக்கிட்டா முடிஞ்சிடுமா? சாவுற வரிக்கும் தெனத்துக்கும் வெளக்கணும்."